விசுவமடு எங்கே இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு வந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முன் விறாந்தையில் என் மகன் வாரப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். பொது அறிவுக் குறுக்கெழுத்து. முக்கால்வாசி நிரம்பிவிட்டது. ஓரிடத்தில் மட்டும் வண்டி சேற்றில் இறுகியதுபோல் நின்றுவிட்டது.

"பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில், மிளகாய்ச் செய்கைக்குப் பேர்போன ஊர். ஐந்து எழுத்து."

கடைசிக் கட்டத்தில் 'டு' ஏற்கனவே விழுந்திருந்தது. மகன் யோசித்தான். பாடப் புத்தகத்தில் படித்த பெயர் ஒன்று நினைவுக்கு வந்தது. 'இரணைமடு' என்று எழுதினான். ஐந்து கட்டமும் சரியாக நிரம்பின. முகம் மலர்ந்தது. ஆனால் அடுத்த நிமிடமே வாடிவிட்டது. இரண்டாம் கட்டத்திலிருந்து கீழே இறங்கும் சொல்லுக்கான குறிப்பு, 2004 டிசம்பர் 26-இல் நம் கரையைத் தாக்கிய பேரலையின் ஜப்பானியப் பெயரைக் கேட்டது. மூன்று எழுத்து. சுனாமி. அப்படியானால் ஊரின் இரண்டாம் எழுத்து 'சு'. இரணைமடுவில் 'சு' ஏது?

மகன் போனைத் தேடி எழுந்தான். அப்போதுதான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் உம்மாவின் குரல் வந்தது.

"பரந்தனில பஸ் ஏறினா முரசுமோட்டை. பிறகு தருமபுரம். அதுக்குப் பிறகு விசுவமடு. அங்கால உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, வட்டுவாகல்... வட்டுவாகல் பாலம் தாண்டினா முல்லைத்தீவு. எதைக் கேக்கிறா மனே?"

பேரன் விரல்விட்டு எண்ணினான். வி, சு, வ, ம, டு. ஐந்து! இரண்டாம் எழுத்து 'சு'. கடைசி எழுத்து 'டு'. எல்லாம் பொருந்தியது.

"உம்மும்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

உம்மா சிரித்தார். "எனக்கென்ன தெரியும்? நான் எட்டாம் வகுப்போட நிண்டவ."

அன்புச் சகோதரிகளே! இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். "எனக்கென்ன தெரியும்?" நம் வீடுகளில் எத்தனை உம்மாமார், எத்தனை ராத்தாமார் இதையே சொல்லிச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள்! குறுக்கெழுத்து என்றால் படித்தவர்களின் விளையாட்டு என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். உண்மையில் எல்லாம் தெரிந்த ஒருவருக்காக இது அமைக்கப்படவில்லை. கொஞ்சம் தெரிந்த பலர் கூடி உட்கார்ந்தால் இதை வெல்லலாம். எப்படி என்று பார்ப்போம்.

கட்டம் பிறந்த கதை

குறுக்கெழுத்து பிறந்து நூறாண்டு தாண்டிவிட்டது. 1913 டிசம்பர் 21-ஆம் திகதி, அமெரிக்காவில் 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் முதலாவது கட்டத்தை வெளியிட்டார். இவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து குடிபெயர்ந்தவர். அவருடைய கட்டம் இன்று போல் சதுரமாக இருக்கவில்லை. வைர வடிவில் இருந்தது. 1924-இல் நியூயோர்க்கில் குறுக்கெழுத்துகளுக்கென்றே ஒரு புத்தகம் வந்தது. அதன் பின் இந்த விளையாட்டு கடல் கடந்தது. இலண்டன் 'டைம்ஸ்' 1930 பெப்ரவரி முதலாம் திகதி தன் முதல் கட்டத்தை வெளியிட்டது. தமிழ்ப் பத்திரிகைகளும் அதே காலத்தில் இதைப் பிடித்துக்கொண்டன.

ஆனால் தமிழில் இது வேறு விதமான விளையாட்டாகிவிட்டது. ஆங்கிலத்துக்கு இருப்பது 26 எழுத்து. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247. கிரந்த எழுத்துகள் தனி. ஒவ்வொரு கட்டத்திலும் இவற்றில் ஒன்று உட்காரும். ஆகவே கட்டம் அமைப்பவருக்கு வேலை கடினம். விடை காண்பவருக்கோ இது பெரிய உதவி. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக் கிடைத்தால் அது ஆயிரக்கணக்கான சொற்களில் இருக்கும். தமிழில் 'ணை' என்ற ஓர் எழுத்துக் கிடைத்தால் மிஞ்சுவது மிகச் சில சொற்களே.

தெரிந்ததில் தொடங்குங்கள்

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. முதலாவது குறிப்பிலேயே தொடங்குகிறார்கள். அது தெரியாவிட்டால் மனம் சோர்ந்து மூடி வைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். எல்லாக் குறிப்புகளையும் ஒரு தடவை வாசியுங்கள். நூற்றுக்கு நூறு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். பத்துக் குறிப்பில் மூன்று தெரிந்தால் போதும். அந்த மூன்று சொற்களும் வேறு ஐந்தாறு சொற்களுக்கு ஓர் எழுத்தேனும் கொடுத்துவிடும். அந்த எழுத்து இன்னொன்றைத் திறக்கும். தெரிந்தது தெரியாததற்குக் கைகொடுக்கும். இதுதான் குறுக்கெழுத்தின் முழு இரகசியமும்.

அடுத்தது, குறிப்பைச் சொல் சொல்லாக வாசிப்பது. என் மகன் இரணைமடுவை எழுதியதற்குக் காரணம் அவசரம்தான். குறிப்பில் 'பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதி' என்று தெளிவாக இருந்தது. இரணைமடு கிளிநொச்சிக்குத் தெற்கே, கண்டி வீதிக்குக் கிழக்கே கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். முல்லைத்தீவு வீதியில் அது இல்லை. 'வீதி' என்ற சொல்லைக் கவனித்திருந்தால் அழிறப்பரைத் தேட வேண்டி வந்திராது. குறிப்பு பன்மையில் கேட்டால் விடையும் பெரும்பாலும் பன்மையில் முடியும். 'ஊர்' என்று கேட்டால் மாவட்டத்தை எழுதாதீர்கள். 'எழுதியவர்' என்று கேட்டால் நூலின் பெயரை எழுதாதீர்கள். பரீட்சையில் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் புத்தி இங்கே நமக்கும் வேண்டும்.

எழுத்தே சொல்லும் துப்பு

நம் மொழியின் இலக்கணம் குறுக்கெழுத்தில் எவ்வளவு கைகொடுக்கிறது தெரியுமா? இதற்கு நன்னூல் மனப்பாடம் வேண்டாம். தினமும் பேசும் தமிழைக் காது கொடுத்துக் கேட்டால் போதும்.

முதலாவது: எந்தத் தமிழ்ச் சொல்லும் புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தொடங்காது. ஆகவே ஒரு கட்டத்திலிருந்து புதிய சொல் ஒன்று புறப்படுமானால், அந்தக் கட்டத்தில் புள்ளி எழுத்து வர முடியாது. விசுவமடுவையே பாருங்கள். சிலர் 'விசுவமடு' என்று எழுதுவர். சிலர் 'விஸ்வமடு' என்று எழுதுவர். இரண்டுமே ஐந்து கட்டம்தான். எதை எழுதுவது? இரண்டாம் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்குகிறது. ஆகவே 'ஸ்' வராது. 'சு' தான். சுனாமி தெரியாதவர்கூட இதைச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது: நம் சொற்களில் க், ச், த், ப் என்ற நான்கு புள்ளி எழுத்துக்குப் பின் அதே இனத்து எழுத்துத்தான் வரும். பக்கம், பச்சை, பத்து, உப்பு. எனவே ஒரு கட்டத்தில் 'ப்' விழுந்தால் அடுத்த கட்டத்தில் ப, பா, பி, பு என்ற வரிசையில் ஏதோ ஒன்று. 'ங்' வந்தால் அடுத்தது க வரிசை. 'ந்' வந்தால் பெரும்பாலும் த வரிசை. பரந்தன் என்ற ஊர்ப் பெயரிலேயே இதைக் காணலாம். ட், ற் இரண்டும் கொஞ்சம் தாராள மனம் படைத்தவை. 'நட்பு', 'கட்சி', 'முயற்சி', 'கற்பனை' என்று வேறு இனத்தையும் பக்கத்தில் உட்கார வைக்கும்.

மூன்றாவது: நம் நாட்டுக் குறுக்கெழுத்துகளில் குறிப்பின் முடிவில் 'தலைகீழ்' என்றோ 'குழம்பியுள்ளது' என்றோ போட்டிருப்பார்கள். தலைகீழ் என்றால் விடையைப் பின்னிருந்து எழுத வேண்டும். 'உப்பு' என்பது 'புப்உ' ஆகும். குழம்பியுள்ளது என்றால் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். அங்கே மேலே சொன்ன விதிகள் செல்லா. தலைகீழான சொல்லின் முதற் கட்டத்தில் புள்ளி எழுத்து தாராளமாக வரலாம். இந்தச் சிறு குறிப்பைக் கவனியாமல் விட்டு அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி!

நம் வீட்டுச் சொற்களின் சிக்கல்

முஸ்லிம் வீடுகளுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. அரபுச் சொற்களைத் தமிழில் எழுதுவதில் நாம் எல்லோரும் ஒரே வழியில் நடப்பதில்லை. நோன்பு மாதத்தை ரமலான், ரமழான், றமழான் என்று மூன்று விதமாகவும் காண்கிறோம். கட்டம் நான்குதான். ஆனால் முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் மாறுகின்றன. பகல் தொழுகையை ளுஹர் என்பவரும் உண்டு, லுஹர் என்பவரும் உண்டு. ஸகாத், ஸக்காத் என்று எழுதினால் எண்ணிக்கையே மாறிவிடுகிறது. ஒன்று மூன்று, மற்றது நான்கு.

'எந்தத் தமிழ்ச் சொல்லும் ற-வில் தொடங்காது, ள-வில் தொடங்காது' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். 'க்' என்றால் அடுத்தது க வரிசை என்று இப்போதுதான் சொன்னேன். ஆனால் தக்வா, இக்லாஸ் போன்ற சொற்கள் அந்த விதிக்குள் அடங்கா. ஆகவே குறிப்பு மார்க்கம் சார்ந்ததாக இருந்தால் இலக்கண விதியைத் தளர்த்திவிடுங்கள். குறுக்கே வரும் எழுத்து எந்த வடிவத்தைக் கேட்கிறதோ அதை எழுதுங்கள். இங்கே நீதிபதி குறுக்கே வரும் சொல்தான்.

மனிதர் பெயரிலும் இப்படித்தான். 1882-இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, நம் சமூகத்தின் கல்விக்காகப் பாடுபட்ட கண்டி அறிஞரைச் சித்திலெவ்வை என்றும் சித்திலெப்பை என்றும் எழுதுகிறார்கள். எண்ணிப் பாருங்கள், இரண்டும் ஆறு கட்டமே. கடைசி இரண்டு எழுத்தையும் பென்சிலால் மெல்லியதாக எழுதி வைத்துக்கொண்டு, குறுக்குச் சொல் வரும்வரை பொறுத்திருங்கள்.

'மடு' ஒரு துப்பு

ஊர்ப் பெயர்களுக்குத் தனி அழகு உண்டு. வன்னி குளங்களின் நாடு. அங்கே ஊரின் பெயரைக் கேட்டாலே நிலம் கண்ணில் தெரியும். மடு என்றால் நீர் தேங்கி நிற்கும் ஆழமான பள்ளம். கட்டு என்றால் நீரை மறித்த அணை. குளம், மோட்டை என்பனவும் நீர்நிலையைக் குறிப்பவையே. குடியிருப்பு, புரம் என்பன மக்கள் வந்து அமர்ந்த இடத்தைச் சொல்லும்.

ஆகவே வன்னி ஊர் ஒன்றைக் கேட்டு, கடைசி எழுத்து 'டு' என்று விழுந்தால் அதற்கு முன் 'ம' வருமா, 'ட்' வருமா என்று பாருங்கள். 'ம' என்றால் மடு. பிறகு எண்ணிக்கை பேசும். கல்மடு நான்கு கட்டம். இரணைமடுவும் விசுவமடுவும் ஐந்து. கற்சிலைமடு ஆறு. பண்டாரவன்னியன் 1803-இல் தோற்கடிக்கப்பட்டதைக் கூறும் நினைவுக் கல் நாட்டப்பட்ட இடம் அது. 'ட்' என்றால் கட்டு. உடையார்கட்டு ஏழு, முத்தையன்கட்டு எட்டு. இப்படிப் பிரித்துப் பார்த்தால், ஒருநாளும் போகாத ஊரின் பெயரைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, விசுவமடு எப்படிப்பட்ட ஊர்? முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கிளிநொச்சி மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது. 1960-களில் படித்த இளைஞர்களுக்குக் காணி கொடுத்து, காடு வெட்டி உருவாக்கிய குடியேற்றத் திட்டங்களில் ஒன்று அங்கே அமைந்தது. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வடக்கின் விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைத்தது. விசுவமடு மிளகாய்க்குப் பேர் வந்ததும் அக்காலத்தில்தான். பின்னர் வந்த போர் அந்த ஊரையும் விட்டுவைக்கவில்லை. 2009-இன் தொடக்கத்தில் அங்கிருந்த மக்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். போர் முடிந்த பின் திரும்பி வந்து மறுபடியும் மண்ணைக் கொத்தினார்கள். ஐந்து கட்டத்துக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது, சகோதரிகளே!

உம்மாவுக்கு எப்படித் தெரிந்தது?

என் உம்மாவின் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று. பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அக்காலத்தில் அதுதான் வழக்கம். கலியாணமான பின் வாப்பாவோடு கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சாமான் எடுக்க அந்த வீதியால் எத்தனையோ தடவை பஸ்ஸில் போய் வந்திருக்கிறார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஊர்களைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, நாங்களும் கையில் கிடைத்ததோடு புறப்பட்டோம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்க்கை மறுபடியும் தொடங்கியது. என் மகன் பிறந்தது புத்தளத்தில். அவனுக்கு முல்லைத்தீவு, பாடப் புத்தகத்தில் ஒரு சொல். உம்மாவுக்கோ அது ஒரு வழி. அடுத்தடுத்து வரும் ஒன்பது தரிப்பிடம். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

அன்று கேட்டது அந்தக் கட்டம்தான்.

இதை எண்ணும்போது ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஒரு புதிர் போட்டார்கள். இலை உதிராத மரம் ஒன்று உண்டு, அது ஒரு முஸ்லிமுக்கு உவமை, அது எந்த மரம் என்று கேட்டார்கள். சபையில் இருந்தவர்களின் எண்ணம் பாலைவனத்து மரங்களைச் சுற்றி வந்தது. இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களின் மனத்தில் மட்டும் பேரீச்சை என்று தோன்றியது. ஆனால் பெரியவர்கள் மௌனமாக இருக்கும்போது தாம் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு இருந்துவிட்டார்கள். விடை பேரீச்சைதான் என்று நாயகம் (ஸல்) அவர்களே சொன்னார்கள். பிறகு மகன் இதைத் தந்தையிடம் கூறியபோது, நீ அங்கேயே சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ பிரியமாக இருந்திருக்கும் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் பதில் சொன்னார்கள்.

விடை தெரிந்தும் வெட்கத்தால் வாய் மூடியிருப்பவர்கள் இன்று நம் குசினிகளிலும் இருக்கிறார்கள். மிளகாயை நம் பக்கம் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர் என்பது பிள்ளைக்குத் தெரியும். மிளகாய்க் கன்றை எப்போது நடுவது என்பது பாட்டிக்குத் தெரியும். இப்னு பதூதா 1344-இல் இலங்கைக்கு வந்து புத்தளத்தில் இறங்கினார் என்பது மாமாவுக்குத் தெரியும். இருவாட்சி என்பது பூ என்பது ராத்தாவுக்குத் தெரியும். பொது அறிவு என்பது இவை எல்லாம் சேர்ந்ததுதானே?

பரிசு ஆசை வேண்டாம்

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குறுக்கெழுத்து அறிவு விளையாட்டாகவும் இருக்கலாம், சூதாட்டமாகவும் மாறலாம். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவில் நுழைவுக் கட்டணம் வாங்கிப் பெரும் பரிசு தரும் குறுக்கெழுத்துப் போட்டிகள் பெருகின. ஒரே குறிப்புக்கு இரண்டு சொற்கள் சம அளவில் பொருந்தும். எது 'சரி' என்பது உறையில் மூடி வைத்த விடையைப் பொறுத்தது. அறிவுக்கு அங்கே வேலை இல்லை. அதிர்ஷ்டத்தை நம்பி மக்கள் கட்டுக் கட்டாகக் கூப்பன் அனுப்பினார்கள். 1955-இல் இந்திய நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. மாதமொன்றுக்கு மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. உரிமம் பெற்று நடத்துபவரும் ஒரு போட்டிக்கு 2,000 விடைகளுக்கு மேல் ஏற்கக்கூடாது. 1957-இல் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் சூதின் தன்மை கொண்ட போட்டிகளுக்கே பொருந்தும், திறமைப் போட்டிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது.

சட்டம் அன்று பிரித்த கோட்டை நம் மார்க்கம் முன்பே போட்டுத் தந்திருக்கிறது. திருக்குர்ஆனின் அல்பகறா, அல்மாயிதா அத்தியாயங்களில் சூது மதுவோடு சேர்த்தே கண்டிக்கப்படுகிறது. ஆகவே பணம் கட்டிச் சேரும் போட்டி எதுவானாலும், கை வைக்கும் முன் உங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வீட்டில் வைத்து விளையாடும் கட்டத்துக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

போனைப் பற்றியும் ஒரு சொல். இன்று எந்த விடையையும் போனில் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். அது தவறு என்று சொல்லமாட்டேன். எல்லாம் முடிந்த பின் சரிபார்க்க அதைப் பயன்படுத்துங்கள். முதலிலேயே எடுத்தால் கட்டம் நிரம்பும், ஆனால் குசினியில் இருப்பவரிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.

நீங்களே ஒரு கட்டம் போடுங்கள்

சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்று போதும். நடுவில் குறுக்கே 'தருமபுரம்' என்று ஆறு கட்டத்தில் எழுதுங்கள். மூன்றாம் எழுத்து 'ம'. அது விசுவமடுவின் நான்காம் எழுத்து. ஆகவே 'வி, சு, வ' மூன்றையும் அதற்கு மேலேயும் 'டு'வை அதற்குக் கீழேயும் எழுதினால் விசுவமடு செங்குத்தாக நிற்கும். தருமபுரத்தின் ஐந்தாம் எழுத்து 'ர'. அது பரந்தனின் இரண்டாம் எழுத்து. அதையும் இறக்குங்கள். ஒரே வீதியின் மூன்று ஊர்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன! உங்கள் ஊரின் தெருக்கள், பள்ளிவாசல், குளம், பலகாரம் இவற்றை வைத்து இப்படி ஆளுக்கொரு கட்டம் போடலாம். நோன்பு காலத்தில் இஃப்தாருக்கு முந்திய அரை மணி நேரத்துக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிறு பின்னேரம் மகன் குறிப்புகளை உரத்து வாசிக்கிறான். உம்மா வெங்காயத் தட்டோடு விறாந்தைக்கே வந்துவிடுகிறார். முன்பெல்லாம் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்று தயங்குவார். இப்போது, "அழிறப்பர் இருக்குதானே, எழுது!" என்கிறார். சென்ற வாரம் அவரே பேரனுக்கு ஒரு குறிப்புச் சொன்னார். அதைக் கடைசியாகக் கீழே சேர்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் உம்மாவை, மாமியை, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து முயன்று பாருங்கள். விடைகளை இந்தக் கட்டுரைக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறேன்.

1. ஆனையிறவும் புத்தளமும் பெயர்பெற்ற பொருள். இல்லாவிட்டால் குப்பையிலே என்பார்கள் (3, தலைகீழ்)

2. புத்தளத்தில் இறங்கிய மொரோக்கோ நாட்டுப் பயணி (6)

3. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர் (6)

4. இரணைமடுவுக்கு நீர் தரும் ஆற்றின் பெயர் (6)

5. இலை உதிராத மரம் (4)

6. பண்டாரவன்னியன் நினைவுக் கல் நாட்டப்பட்ட ஊர் (6)

7. பரந்தனிலிருந்து வரும் வீதியில், முல்லைத்தீவுக்கு முன்னால் பாலம் உள்ள இடம் (6)